பாசிப்பாட்டம் முதல் மீன்பாசி ஏலம் வரை: ஏரி மீன்பிடி உரிமையின் சொல் வரலாறு

1. முன்னுரை

தமிழ்நாட்டின் ஏரிகள் பாசனத்திற்காக ஆக்கப்பட்டவை. மீனுக்காக ஆக்கப்பட்டவை அல்ல. எனினும் நீர் நின்ற இடத்தில் மீன் உண்டாயிற்று. மீன் உண்டான இடத்தில் அதனைப் பிடிக்கும் உரிமை யாருடையது, எப்போது பிடிக்கலாம், எதனைக் கொண்டு பிடிக்கலாம், அதனால் வரும் பொருள் யாரைச் சேரும் என்னும் வினாக்களும் உண்டாயின. இவ்வினாக்களுக்கு இடைக்காலச் சபைகள் ஒரு வகையிலும், ஆங்கில ஆட்சிக்காலச் சட்டம் வேறொரு வகையிலும், ஊர் வழக்கம் மற்றொரு வகையிலும் விடை கூறின. அவ்விடைகள் இன்று நம்மிடம் சொற்களாகவே எஞ்சியுள்ளன. அச்சொற்களின் வரலாற்றை ஆராய்வதும், அவற்றை மொழிபெயர்க்கும்போது உரிமைகள் இடம் மாறிவிடும் வாய்ப்பினைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இவ்வாய்விற்கு ஒரு சிறு நிகழ்ச்சி தூண்டுகோலாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் பாண்டிநாட்டுப் பகுதியைச் சேர்ந்த கண்மாய் ஏல அறிவிப்பு ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் பணி இக்கட்டுரையாளருக்கு வந்தது. மூலத்தில் ‘மீன்பாசி குத்தகை’ என்றிருந்தது. மொழிபெயர்ப்பாளர் ‘மீனும் பாசியும் எடுக்கும் குத்தகை’ என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று கூற இயலாது. இன்றைய தமிழில் பாசி என்றால் நீரின்மேல் படரும் பச்சைப் படலமே எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அம்மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொண்டால் குத்தகைதாரருக்கு நீரில் விளையும் பிறவற்றின்மீதும் உரிமை உண்டு என்றாகிவிடும். ஒரு சொல்லின் பொருளை உறுதி செய்ய ஓராயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியதாயிற்று.

2. நீர்நிலைகளும் அவற்றின் பெயர்களும்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்பது பொதுவாக எடுத்தாளப்படும் கணக்கு. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் அரசின் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருத்தல் பொது வழக்கம். செங்கற்பட்டுப் பகுதியை ‘ஏரி மாவட்டம்’ என்றே வழங்குவர். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் ஒரு கண்மாயின் மிகைநீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லுமாறு சங்கிலித்தொடராக அமைந்தவை பல.

இந்நீர்நிலைகளின் பெயர்கள் வட்டாரத்திற்கேற்ப வேறுபடும். வடமாவட்டங்களில் ஏரி, பாண்டிநாட்டில் கண்மாய், நெல்லைப் பகுதியிலும் கொங்குநாட்டிலும் குளம் என்பன பெருவழக்கு. தாங்கல், ஏந்தல், ஊருணி, குட்டை முதலியன அளவாலும் பயனாலும் வேறுபட்டவை. வேடந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயரின் இரண்டாம் உறுப்பும் ‘தாங்கல்’ என்றே அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. மடை, மதகு, கலிங்கு, மறுகால் என நீரின் வரவு செலவைக் குறிக்கும் கலைச்சொற்கள் செறிவாக உள்ளன.

இச்சொற்றொகுதியில் ஒன்றை ஈண்டுக் கருத வேண்டும். நீர்நிலையின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்கள் யாவும் பாசனம் பற்றியன. மீன்பிடிப்பதற்கென ஏரியை வகுத்துக் காட்டும் சொல் எதுவும் அவற்றுள் இல்லை. மீன் ஏரியின் நோக்கமன்று, அதன் உடன்விளைவு என்னும் கருத்து சொற்களஞ்சியத்திலேயே பதிந்துள்ளது எனலாம்.

3. கல்வெட்டுச் சான்று

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சபையின் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைப்பவை. அவற்றுள் ஏரி வாரியம் தனியே குறிப்பிடப்படுகிறது. அதற்கு அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரியைப் பேணுவது ஊராட்சியின் தனித்துறையாக இருந்தது என்பதற்கு இது வலுவான சான்று. ஓடங்களைக் கொண்டு ஏரிக்குள்ளிருந்து மண்ணெடுத்துக் கரையில் இடுவதற்கு அறக்கொடைகள் அளிக்கப்பட்ட செய்திகளையும் அக்காலக் கல்வெட்டுகளில் காண்கிறோம்.

ஏரியிலிருந்து கிடைத்த வருவாய் வகைகளுள் மீனும் ஒன்று. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளின் வரிப்பட்டியல்களில் ‘பாசிப்பாட்டம்’ என்னும் சொல் இடம்பெறுகிறது. ஏரி, குளங்களில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட தொகை என்று கல்வெட்டறிஞர் இதற்குப் பொருள் கொள்வர். மீனால் வந்த வருவாய் ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கப்பட்டதும் உண்டு. தென்னிந்தியப் பாசன வரலாற்றைக் கல்வெட்டுகளின் துணையால் எழுதிய வெங்கையா போன்றோர் இதனைச் சுட்டியுள்ளனர். ஏரி மீனைத் தந்தது. மீன் ஏரிக்கு மண்ணெடுக்கும் செலவைத் தந்தது. வருவாயும் செலவும் ஒரே நீர்நிலைக்குள் சுழன்ற இவ்வேற்பாடு பின்வரும் பகுதிகளுக்கு அளவுகோலாக அமையும்.

‘பாட்டம்’ என்னும் இரண்டாம் உறுப்பின் பொருளில் ஐயமில்லை. ஒரு பொருளின் விளைவைக் குறிப்பிட்ட காலத்திற்கு அனுபவிக்கும் உரிமைக்காகச் செலுத்தும் தொகையே பாட்டம். பொதுத் தமிழில் இச்சொல் வழக்கிறந்தது. மலையாளத்தில் காணப்பாட்டம், வெறும்பாட்டம் முதலிய நிலவுரிமைச் சொற்களில் அது வாழ்ந்தது. தமிழில் அதன் இடத்தைக் குத்தகை என்னும் சொல் பிடித்துக்கொண்டது. பாட்டம் என்பதில் கைமாறுவது பொருளன்று, பொருளின் விளைவே என்னும் நுட்பம் முதன்மையானது. பாசிப்பாட்டம் பெற்றவருக்கு ஏரி கிடைக்கவில்லை. ஏரி நீரும் கிடைக்கவில்லை. அந்நீரில் விளைந்த மீன் மட்டுமே கிடைத்தது.

4. ‘பாசி’ என்னும் சொல்

முதல் உறுப்பாகிய ‘பாசி’ சிக்கலானது. மீன்பிடிப்புக்கும் பாசிக்கும் உள்ள தொடர்பை இரு வகையாக விளக்கலாம்.

ஒன்று, பசு, பை, பச்சை என்னும் வேரடியாகப் பிறந்த பாசி என்பதையே மூலமாகக் கொள்வது. நீர்நிலையின் மேற்பரப்பில் விளையும் பசிய பொருளைக் குறித்த சொல், ஆகுபெயராக நீர்நிலையின் விளைவு முழுவதையும் குறித்து, பின்னர் அவ்விளைவில் விலைமதிப்புடைய மீனுக்குச் சுருங்கியது எனலாம். மற்றொன்று, கயிறு, சுருக்கு எனப் பொருள்படும் பாசம் என்னும் வடசொல்லோடு இணைப்பது. வலையும் கயிற்றால் ஆனதாதலின் பாசி என்பது வலைத்தொழிலைக் குறித்திருக்கலாம் என்பது இக்கருத்தின் அடிப்படை.

இரண்டாவது விளக்கம் முதற்பார்வைக்கு எளிதாகத் தோன்றினும் அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பாட்டம் என்பது விளைவுடைய பொருளின் பெயரோடு சேர்தல் இயல்பு. கருவியின் பெயரோடு சேர்ந்தால் அது கருவிக்கான வரியாகிவிடும். பாசிப்பாட்டம் ஏரி சார்ந்த வருவாயாகவே வருதலின், பாசி நீரின் விளைவைக் குறித்தது என்னும் முதல் விளக்கமே பொருந்துவதாக இக்கட்டுரையாளர் கருதுகிறார். இது முடிந்த முடிபன்று. எனினும் பொருளமைதி இதன் பக்கமே நிற்கிறது.

இனி ‘மீன்பாசி’ என்னும் இன்றைய கூட்டுச்சொல்லைக் காண்போம். மதுரை, சிவகங்கை, தூத்துக்குடி முதலிய தென்மாவட்டங்களில் ‘மீன்பாசி குத்தகை’, ‘மீன்பாசி ஏலம்’ என்னும் தொடர்கள் அறிவிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் இன்றும் வழங்குகின்றன. இத்தொகையை மூவகையாக விரிக்கலாம். மீனும் பாசியும் என விரித்தால் உம்மைத்தொகை. மீனினது பாசி என விரித்தால் வேற்றுமைத்தொகை. மீனாகிய பாசி என விரித்தால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. முன்னர்க் குறிப்பிட்ட மொழிபெயர்ப்பாளர் உம்மைத்தொகையாகக் கொண்டார். வரலாற்றை நோக்க, இருபெயரொட்டாகக் கொள்வதே தகும்.

பொருள் மங்கிப்போன ஒரு சொல்லுக்கு விளக்கமாகப் பொருள் தெளிவான மற்றொரு சொல்லைச் சேர்த்து வழங்குதல் தமிழில் புதிதன்று. அரைஞாண் என்பதிலேயே கயிறு என்னும் பொருள் உள்ளது. ஞாண் என்பதன் பொருள் மக்களுக்கு மறைந்தபோது ‘அரைஞாண் கயிறு’ தோன்றியது. ‘கேட்டுவாசல்’ என்பதும் இவ்வகையினதே. அவ்வாறே பாசி என்பதற்கு நீர்விளைவு என்ற பொருள் மறைந்து, நீர்ப்படலம் என்ற பொருள் மட்டும் நிலைத்தபோது, ‘மீன்’ என்னும் சொல் முன்னே வந்து நின்று பொருளைக் காத்தது. பாட்டம் மறைந்து குத்தகையும் ஏலமும் வந்தன. பாசி மறையவில்லை, காவலுக்கு ஒரு சொல்லை அழைத்துக்கொண்டது.

வங்காளத்தோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். அங்கு மீன்பிடி உரிமையும் அதன் வருவாயும் ‘ஜல்கர்’ எனப்பட்டன. 1793ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டத்திற்குப் பின் ஜமீன்தார்களின் உரிமைகளுள் ஒன்றாக ஜல்கர் வழக்குகளில் பெரிதும் பேசப்பட்டது. தனியுரிமை மீன்பிடி நீர்களைக் காக்க 1889இல் அம்மாகாணத்தில் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஜல்கர் என்னும் சொல்லில் முன்னிற்பது நீர். பாசிப்பாட்டம் என்னும் சொல்லில் முன்னிற்பது நீரின் விளைவு. ஆறுகளும் வெள்ளநீர்ப் பரப்புகளும் மிகுந்த நாட்டில் நீரையே உரிமைப்பொருளாகக் கருதினர். ஒவ்வொரு படி நீருக்கும் உழவர் உரிமை கொண்டாடிய ஏரிநாட்டில் நீரைத் தனியே நிறுத்தி விளைவை மட்டும் பிரித்துக் கொடுத்தனர் எனக் கொள்ளலாம்.

5. குத்தகையும் ஏலமும் பசலியும்

பாட்டத்திற்குப் பின் வந்த நிருவாகச் சொற்கள் பல மொழிகளிலிருந்து வந்து சேர்ந்தவை. ஏலம் என்பது ‘லெய்லாவ்’ என்னும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு. மீன் மகசூல் என்பதில் உள்ள மகசூல் அரபு மூலத்தது. விளைவு என்பது அதன் பொருள். குத்தகைக் காலத்தைக் குறிக்கும் பசலி என்பதும் அரபு மூலத்தது. பருவம், அறுவடை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் பசலி ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கி சூன் இறுதியில் முடிகிறது. 1400ஆம் பசலி 1990 சூலையில் தொடங்கியது.

நிலவரிக்காக ஏற்பட்ட இவ்வாண்டுக் கணக்கு ஏரி மீனுக்கும் பொருந்தியது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும், மீன் பெருகும். மாசி, பங்குனிக்குப்பின் நீர் சுருங்கும். கோடையில் மீன்பிடிப்பு முடியும். சூலையில் தொடங்கிச் சூனில் முடியும் ஆண்டு இச்சுழற்சி முழுவதையும் தன்னுள் அடக்கும். சனவரியில் தொடங்கும் ஆண்டுக்குக் குத்தகை விட்டால் நீர் நிரம்பிய ஏரியை ஒருவர் பெற்று, விளைவின் நடுவில் மற்றொருவருக்கு விட்டுச்செல்ல நேரும். ஆகவே ‘பசலி’ என்பதை வெறும் ‘நிதியாண்டு’ எனப் பெயர்ப்பது மூன்று மாதப் பிழையோடு நிற்பதன்று. ஏரியின் பருவத்தையே மறைத்துவிடுகிறது.

குத்தகை நிபந்தனைகளுள் தலையாயது பாசனத்திற்கு ஊறு நேரலாகாது என்பது. மீன்பிடிப்பதற்காக மடையைத் திறந்து நீரை வெளியேற்றலாகாது. ஆனால் நடைமுறையில் உழவருக்கும் குத்தகைதாரருக்கும் பூசல் எழுவது இங்கேதான். நெல் விளையும்வரை நீர் நிற்க வேண்டும் என்பது ஆயக்கட்டுதாரரின் தேவை. நீர் வடிந்தால்தான் மீனை முழுதும் பிடிக்கலாம் என்பது குத்தகைதாரரின் தேவை. பாசிப்பாட்டம் என்னும் சொல்லில் அடங்கியிருந்த வரையறை இப்போது எழுத்தில் நிபந்தனையாக நீள்கிறது.

6. 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் மொழி

சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் நன்னீர் மீன்களையும் மீன்பிடிப்பையும் பற்றி 1873இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். சிறு கண் வலைகளாலும் நஞ்சிடுவதாலும் மீன் அழிவதை அவர் எடுத்துக்காட்டினார். நீண்ட விவாதங்களுக்குப் பின் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் (அவ்வாண்டின் 4ஆம் சட்டம்) இயற்றப்பட்டது. ஏழே பிரிவுகளைக் கொண்ட இச்சிறு சட்டத்தின் சொற்கள் மொழிபெயர்ப்பாளருக்குப் பெரும் பாடமாக அமைபவை.

முதலாவதாக, ‘ஃபிக்ஸ்டு எஞ்சின்’ என்னும் தொடர். இதனை ‘நிலையான இயந்திரம்’ எனப் பெயர்க்கத் தோன்றும். சட்டத்தின் வரையறையோ நிலத்தில் ஊன்றப்பட்ட அல்லது வேறு வகையில் அசையாது நிறுத்தப்பட்ட வலை, கூண்டு, பறி முதலிய மீன்பிடி அமைப்புகளைக் குறிக்கிறது. இத்தொடர் இங்கிலாந்தின் 1861ஆம் ஆண்டுச் சால்மன் மீன் சட்டத்திலும் காணப்படுவது. எஞ்சின் என்பதற்குச் ‘சூழ்ச்சியால் அமைத்த கருவி’ என்னும் பழம்பொருள் அங்கு நிலைத்திருந்தது. தமிழில் இதற்கு இணையான சொல் நம்மிடமே உண்டு. பொறி என்பது இயந்திரத்தையும் குறிக்கும். எலிப்பொறியில் போலப் பிடிக்கும் கருவியையும் குறிக்கும். எஞ்சின் என்பதன் இரு பொருளையும் ஒருசேரத் தாங்குவது பொறி. ‘நிலைப்பொறி’ என்று பெயர்த்தால் மடைவாயில் வைக்கும் பறி அதனுள் அடங்கும் என்பது படிப்பவருக்கு எளிதில் விளங்கும். ‘இயந்திரம்’ என்றால் விளங்காது.

இரண்டாவதாக, சட்டம் மீன் என்பதற்கு ‘ஷெல்ஃபிஷ்’ உள்ளடங்கும் என விரிவு தந்தது. ஆங்கிலத்தில் அச்சொல்லின் உள்ளேயே மீன் என்னும் கூறு உள்ளது. தமிழில் நண்டோ நத்தையோ மீன் ஆகாது. வினைச்சொற்களும் வேறுபடும்: மீன் பிடிப்பர், நத்தை பொறுக்குவர். ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நத்தை பொறுக்கும் ஏழைப் பெண்ணின் செயல் மீன்பிடித்தல் என்று தமிழில் எவரும் கூறார். சட்டத்தின் வரையறையை அப்படியே தமிழில் இறக்கினால் அச்செயல் எதனுள் அடங்கும் என்னும் வினா எழுகிறது. வரையறை ஒன்று மொழி மாறும்போது, அது தொடும் மனிதரும் மாறக்கூடும்.

மூன்றாவதும் முதன்மையானதும் ‘பிரைவேட் வாட்டர்’ என்னும் தொடர். ஒருவருக்கு மட்டுமே சொந்தமான நீர் அல்லது உரிமையாளராகவோ குத்தகைதாரராகவோ வேறு நிலையிலோ ஒருவர் தற்காலிகமாக மீன்பிடித் தனியுரிமை பெற்றுள்ள நீர் என்று சட்டம் இதனை வரையறுத்தது. இதன்படி ஓர் ஊர்ப் பொது ஏரி மீன்பிடி ஏலம் போனவுடன், குத்தகைக் காலம் முடியும்வரை இவ்வகையைச் சேர்ந்துவிடும். ‘தனியார் நீர்’ எனப் பெயர்த்தால் ஏரியே தனியாருடைமை ஆகிவிட்டது போன்ற மயக்கம் உண்டாகும். ‘தனியுரிமை நீர்’ என்பதே வரையறைக்கு ஒத்தது. உரிமை நீரின்மீது அன்று, மீன்பிடிப்பின்மீது என்னும் வேறுபாட்டை அது காக்கிறது. பாட்டம் என்னும் பழஞ்சொல் காத்ததும் அதனையே.

இவ்வரையறையின் விளைவு சிறிதன்று. வலைக்கண்ணின் அளவு, நிலைப்பொறி, தடுப்பணை ஆகியவை குறித்து மாகாண அரசு விதிகள் செய்யலாம். குறிப்பிட்ட நீரில் இரண்டாண்டுக்கு மிகாமல் மீன்பிடிப்பை முற்றும் தடுக்கவும் செய்யலாம் என்று சட்டம் கூறியது. ஆனால் தனியுரிமை நீருக்கு அவ்விதிகளைப் பொருத்த வேண்டுமாயின் உரிமையாளரும் அப்போது மீன்பிடித் தனியுரிமை உடையோர் அனைவரும் எழுத்து வாயிலாக இசைவு தருதல் வேண்டும். ஆகவே குத்தகைக்குச் சென்ற ஏரிகள் பெரும்பாலும் சட்ட விதிகளால் அன்றிக் குத்தகைப் பத்திரத்தின் சொற்களாலேயே ஆளப்பட்டன எனலாம். அச்சொற்களுக்குத் திருத்தமான பொருள் காண்பது இதனாலும் இன்றியமையாததாகிறது.

வெடியும் நஞ்சும் பற்றிய தடைகளுக்கு இவ்விலக்கு இல்லை. அவை எந்நீருக்கும் உரியவையாக எழுதப்பட்டன. வெடிபொருளிட்டு மீன் கொல்வோருக்கு இரண்டு மாதம்வரை சிறையோ 200 ரூபாய்வரை தண்டமோ விதிக்க முதற்சட்டம் வழி செய்தது. நஞ்சு பற்றிய பிரிவில் ‘லைம்’ என்று வருவது சுண்ணாம்பு, எலுமிச்சை அன்று. காக்காய்க்கொல்லி விதை, மருக்காரைக் காய் முதலியவற்றை நீரில் இட்டு மீனை மயக்கும் பழக்கம் நாட்டில் நெடுநாளாக இருந்தது. தமிழில் இவை கொட்டை, காய் என்றே சுட்டப்படும்; ‘விஷம்’ என்னும் சொல் அவற்றை எப்போதும் தழுவாது. நச்சுத்தன்மையுள்ள பொருள் என்று பொதுப்பட எழுதினால்தான் சட்டத்தின் கருத்து சிதையாது.

7. ஊர் வழக்கம்

சட்டம் ‘எதனைக் கொண்டு’ என்னும் வினாவை முன்வைத்தது. ஊர் வழக்கமோ ‘எப்போது’ என்னும் வினாவை முன்வைத்தது. மேலூர், சிங்கம்புணரி, பொன்னமராவதி, நத்தம் வட்டாரங்களில் கோடையில் நடைபெறும் மீன்பிடித் திருவிழா இதற்குச் சான்று. கண்மாயில் நீர் வற்றி, பாசனத் தேவை முடிந்தபின் நாள் குறிக்கப்படும். அண்டை ஊர்களுக்கும் செய்தி போகும். குறித்த நாளின் விடியலில் மக்கள் கரையைச் சுற்றிக் காத்து நிற்பர். ஊர்ப் பெரியவர்கள் கரைமேல் நின்று துண்டை வீசியதும் எல்லோரும் ஒருசேர நீரில் இறங்குவர். அதற்குமுன் இறங்குதல் ஆகாது.

அடியும் நுனியும் திறந்த கூடை போன்ற ஊத்தாவைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியே கையை விட்டு மீனைப் பிடிப்பர். கச்சா, தூரி, பறி, வீச்சுவலை, கொசுவலை என எல்லாக் கருவிகளும் அன்று இறங்கும். பறி என்பது பழந்தமிழ்ச் சொல். செய்தித்தாள்கள் இதனைப் ‘பரி’ என எழுதுவது மிகுந்துவருகிறது. விரால், கெளுத்தி, குரவை, கெண்டை முதலிய மீன்கள் கிடைக்கும். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து உண்பதே பல ஊர்களின் மரபு. மழை பெய்து வேளாண்மை செழிக்கும் என்னும் நம்பிக்கையும் இதனோடு இணைந்துள்ளது.

வலைக்கண்ணை அளக்கும் சட்டத்தின் பார்வையில் இந்நாள் கட்டுப்பாடற்றதாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டின் பிற நாள்களில் இறங்காதிருத்தலே இவ்வழக்கத்தின் கட்டுப்பாடு. எஞ்சிய நீர் வெயிலில் வற்றிவிடும் நிலையில் மீனை விட்டுவைப்பதால் பயனில்லை; அதற்குமுன் பிடித்தால் பாசனம் கெடும். ஆக, உரிய காலம் ஒன்றே. தனியுரிமை நீர் பற்றிய வரையறையை அடுத்து 1897ஆம் ஆண்டுச் சட்டம் தந்த விளக்கம் ஈண்டு நினைவுகூரத்தக்கது: வழக்காற்றின்படி பிறருக்கு மீன்பிடி உரிமை உண்டு என்னும் காரணத்தால் மட்டும் ஒரு நீர் தனியுரிமை நீர் அல்லாது போகாது. இதனை மறுதலையாக நோக்கினால், தனியுரிமையும் ஊராரின் வழக்காற்று உரிமையும் ஒரே நீரில் உடன் நிற்கக்கூடும் என்பதைச் சட்டமே எண்ணிப் பார்த்திருக்கிறது. இவ்விளக்கத்தை விட்டுவிட்டு வரையறையை மட்டும் மொழிபெயர்த்தால், கரையில் துண்டு வீச்சுக்குக் காத்திருக்கும் ஊரார் சட்டத்தின் தமிழ் வடிவில் காணாமற்போவர்.

8. விலைக்கு வந்த மீன்களும் பெயர்களும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏரி மீனின் தன்மையே மாறியது. 1957 சூலை 10ஆம் நாள் ஒரிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரியும் அலிக்குஞ்ஞியும் ஊக்குநீர் செலுத்திக் கெண்டை இனங்களைச் சினைப்பெய்யச் செய்வதில் வெற்றி கண்டனர். அதன்பின் மீன்குஞ்சு உற்பத்தி பெருகி, ஏரிகளில் குஞ்சு விட்டு வளர்ப்பது பரவியது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வடநாட்டு ஆறுகளின் மீன்கள். அவற்றின் பெயர்கள் வங்காளம் முதலிய மொழிகளிலிருந்து மீன்குஞ்சுடனேயே தமிழுக்கு வந்தன. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா தமிழர் வாயில் ஜிலேபிக் கெண்டை ஆயிற்று.

இம்மாற்றத்தால் குத்தகையின் பொருளும் மாறியது. முன்னர் ஏரியில் தானே விளைந்ததை எடுத்தனர். பின்னர் குத்தகைதாரர் விலைகொடுத்து வாங்கி விட்டதை எடுத்தனர். தாம் முதலிட்டு வளர்த்த மீனை ஊரார் ஒரு நாளில் பிடித்துச் செல்வதை அவர் ஏற்பது அரிது. விளைவுரிமை முதலீட்டுரிமையாக மாறிய இந்நிலையில் பாசி என்னும் சொல் தன் பழம்பொருளோடு பொருந்தாது நிற்கிறது. சொல் மாறவில்லை, சொல்லப்படும் பொருள் மாறிவிட்டது.

அரசமைப்புச் சட்டத்தின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது சேர்க்கப்பட்ட பதினொன்றாம் அட்டவணையில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் 3ஆம் இனமாகவும், மீன்வளம் 5ஆம் இனமாகவும் தனித்தனியே நிற்கின்றன. ஊராட்சியிடம் ஒப்படைக்கத்தக்கவையாக இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பது நன்று. ஆயினும் ஒரே ஏரியின் நீரும் மீனும் இரு தலைப்புகளாயின. மீனின் வருவாயால் ஏரியைத் தூர்வாரிய சபையின் கணக்கில் அவை ஒரே தலைப்பாக இருந்தன.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

‘மீன்பாசி’ என்பது மீனும் பாசியும் எனப் பொருள்படும் உம்மைத்தொகை அன்று. பாசிப்பாட்டம் என்னும் இடைக்கால வழக்கின் எச்சம் அது. ஏரி மீன்பிடி உரிமை என்றே அதனைப் பிற மொழிகளில் பெயர்த்தல் வேண்டும்.

‘தனியார் நீர்’, ‘நிலையான இயந்திரம்’ போன்ற மொழிபெயர்ப்புகளை விடுத்து, ‘தனியுரிமை நீர்’, ‘நிலைப்பொறி’ என வரையறையை நோக்கிச் சொல் அமைத்தல் வேண்டும். சட்ட மொழிபெயர்ப்பில் சொல்லுக்குச் சொல் தேடுவதினும் வரையறைக்குச் சொல் தேடுவதே முறை. வரையறையைப் பெயர்ப்போர் அதன் விளக்கத்தையும் விடாது பெயர்த்தல் கடன்.

ஏரி மீனைப் பற்றிய தமிழ்ச் சொற்கள் நீரையும் விளைவையும் பிரித்துணர்ந்தவை. நீர் எல்லோருக்கும், விளைவு ஒருவருக்கு, அதன் பயன் மீண்டும் ஏரிக்கு என்பது பாசிப்பாட்டத்தின் கணக்கு. அக்கணக்கு இன்று நிறைவேறுகிறதா என்பதை மொழியியல் கூற இயலாது. ஆனால் அக்கணக்கு இருந்தது என்பதைக் கூற அச்சொல் ஒன்றே போதும். அதனைப் பிழைபடப் பெயர்க்கும்போது ஓர் அகராதிப் பொருள் மட்டுமின்றி, ஓர் ஊர் தன் ஏரியின்மீது கொண்டிருந்த உரிமையின் நினைவும் அழிகிறது.